இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள், அடுத்தது என்னவென்று சொல்லவில்லை

திடீர் திடீரென்று வந்த நெஞ்சுப் படபடப்புக்கு இதயக் கோளாறு காரணம் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு 60,000 ரூபாய்க்கு மேல் செலவானது. ஈ.சீ.ஜி., எக்கோ, ஓடவிட்டு எடுக்கும் சோதனை, 'ஒருவேளை வாயுவாக இருக்கலாம்' என்று வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தது, கண்டிக்குப் போய்வந்த வான் கூலி எல்லாம் சேர்த்து. அப்போது தோட்டத்தில் ஒருநாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். அம்மா ஒன்றரை மாதம் மலையில் நின்று கொழுந்து பறித்தாலும் அந்தத் தொகை முழுதாகக் கைக்கு வராது. ஒவ்வோர் அறிக்கை வந்ததும் இரண்டொரு நாள் நிம்மதியாக இருப்பேன். அதன் பிறகு, 'இந்த மெஷினில் தெரியாத நோயாக இருந்தால்?' என்று மனம் ஆரம்பித்துவிடும். இப்படிப் பணம் கொடுத்து வாங்கும் நிம்மதி, கடனுக்கு வட்டி கட்டுவது போன்றது. அன்றைக்குத் தீர்ந்ததாகத் தோன்றும், முதல் அப்படியே நிற்கும். என் விடயத்தில் அந்த முதல் பதகளிப்பு, அதாவது அளவுக்கு மிஞ்சிய பயமும் படபடப்பும். அதோடு எப்படிப் பழகினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஹட்டனில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீடு தலவாக்கலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில். பெரும்பாலும் பஸ், சில மாலைகளில் ரயில். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம் இருப்பது மலையகத்தில் எல்லாருக்கும் தெரியும். அரை கிலோமீற்றருக்கு மேல் நீளம். ஒரு மாலை, நீண்ட விடுமுறைக் கூட்டத்தில் கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே நசுங்கி நின்றபோது, ரயில் அதற்குள்ளேயே நின்றுவிட்டது. பெட்டியில் விளக்கு எரியவில்லை, டீசல் புகை உள்ளே வந்தது. பக்கத்தில் சில பையன்கள் சுரங்கத்துக்கே உரிய ஊளையிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் விரல் நுனிகள் விறைத்தன, பிறகு உதடு. நெஞ்சு அடித்துக்கொண்டது. காற்று உள்ளே போகவில்லை என்று உறுதியாக நம்பினேன். சாகப்போகிறேன் என்பதைவிட, இத்தனை பேர் முன்னால் இப்படிச் சாகப்போகிறேனே என்பதுதான் அந்த நேரத்தில் பெரிய பயமாக இருந்தது. கொட்டகலையில் இறங்கி, மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு ரயிலை விட்டேன். சில வாரங்களில் நெரிசலான பஸ்ஸையும் விட்டேன். வளைவுகளில் பஸ் சாயும்போதே நெஞ்சு படபடத்தது. ஆட்டோவுக்குக் கொடுத்துச் சம்பளத்தில் கால்வாசி போயிற்று. லயத்தில், அதாவது எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், அவரவருக்கு ஒரு விளக்கம் இருந்தது. பயந்திருக்கிறாள் என்றார்கள், கண்ணூறு என்றார்கள். அம்மா கோயிலுக்கு அழைத்துப் போய்த் தேசிக்காய் வெட்டி, நூல் கட்டிவிட்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். டொக்டர்மாருக்கு நேரமில்லாத இடத்தில், 'என்னம்மா நடந்தது, முதலிலிருந்து சொல்லு' என்று முழுதாகக் கேட்டவர் அந்தப் பூசாரி ஒருவர்தான். செலவும் குறைவு.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். உடம்பைச் சோதிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். இரத்தசோகையும் தைரொய்டு கோளாறும் இதே படபடப்பைக் கொடுக்கக்கூடியவை. நம் தோட்டத்துப் பெண்களிடம் இரத்தசோகை புதிதல்ல. ஓர் ஈ.சீ.ஜி., முழு இரத்தப் பரிசோதனை, தைரொய்டு பரிசோதனை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஒரு டொக்டரிடம் காட்டுங்கள். அவர் வேறு ஏதாவது கேட்டால் செய்யுங்கள். அவர் போதும் என்றபின் அதே சோதனையை வேறோர் ஊரில் திரும்ப எடுப்பது நோயைக் கண்டுபிடிக்க அல்ல, பயத்தைத் தணிக்க. புதிதாக, கைக்கும் தாடைக்கும் பரவுகிற மாதிரி நெஞ்சுவலி வந்தால் அது வேறு கதை. அப்போது யோசித்துக்கொண்டிருக்காமல் 1990 இலக்கத்துக்கு அம்புலன்ஸ் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

கடைசியில் அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு டொக்டர்தான், இது பதகளிப்பு, இப்படித் திடீரென்று உச்சத்துக்குப் போவது பீதித் தாக்கம் என்று சொன்னார். உளநலக் கிளினிக்குக்குத் துண்டும் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டு பல வாரம் என் கைப்பையிலேயே கிடந்தது. கிளினிக் வரிசை வெளியில் தெரிகிற இடத்தில் இருந்தது, எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் அங்கே வேலை செய்தார். 'அந்த லயத்துப் பிள்ளைக்குப் பைத்தியமாம்' என்ற பேச்சு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் மறுநாளே வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் தெரியும்.

ஆகவே கைத்தொலைபேசியில் தேடினேன். தன்னை உளவளத்துணையாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் கிடைத்தார். மணித்தியாலத்துக்கு 4,000 ரூபாய், முன்பணமாக 20,000 கட்டினால் 'முழுப் பொதி' மலிவு. நல்லதையே நினையுங்கள், காலையில் கண்ணாடி முன் நின்று 'நான் தைரியசாலி' என்று சொல்லுங்கள் என்றார். சில அமர்வுகளுக்குப் பிறகு அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. இன்னொரு பக்கம், ஆங்கிலச் செயலி ஒன்றுக்கு டொலரில் சந்தா கட்டினேன். அதிலிருந்த உதாரணங்கள் எல்லாம் கூட்டத்தில் உரையாற்றுவது, விருந்துக்குத் தனியாகப் போவது போன்றவை. நான் போகிற விருந்து சடங்கு வீடுதான், அங்கே தனியாகப் போக யாரும் விடமாட்டார்கள். அந்தச் சந்தா வருடக் கடைசியில் கேட்காமலே மீண்டும் கழிக்கப்பட்டது. யாருக்காவது பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள், ஏறத்தாழ எத்தனை அமர்வு தேவைப்படும், வீட்டில் நான் செய்ய என்ன வேலை தருவீர்கள், குணமாகிறதா என்பதை எதை வைத்துப் பார்ப்போம். நேரான பதில் சொல்பவர் கோபப்பட மாட்டார். செயலிக்குக் கட்டினால் கட்டிய அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள்.

அறிகை நடத்தைச் சிகிச்சை என்ற பெயரை அந்தச் செயலியில்தான் முதலில் கண்டேன். பயத்தைக் கிளப்பும் எண்ணத்தையும் பயத்தால் நாம் செய்வதையும் கவனித்து மாற்றிப் பழகும் முறை அது. பிறகு கிடைத்ததையெல்லாம் அகராதியோடு உட்கார்ந்து வாசித்தேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் மனச்சோர்வு நோயாளிகளைக் கவனித்தபோது தொடங்கியது இது. ஒரு நிகழ்வுக்கும் அதனால் வரும் உணர்ச்சிக்கும் நடுவே மிக வேகமாக ஓர் எண்ணம் ஓடி மறைகிறது, அதை நாம் கவனிப்பதில்லை, ஆனால் முழுதாக நம்பிவிடுகிறோம் என்பதை அவர் கண்டார். எனக்குக் கண் திறந்தது, பீதியைப் பற்றி டேவிட் கிளார்க் என்ற பிரித்தானிய உளவியலாளர் 1986இல் எழுதிய விளக்கத்தின் சுருக்கத்தை வாசித்தபோது. உடம்பில் சாதாரணமாக ஒன்று நடக்கிறது. அதை ஆபத்து என்று மனம் வாசிக்கிறது. பயம் வருகிறது, பயம் வந்ததால் உடம்பில் அது இன்னும் கூடுகிறது, கூடியதைப் பார்த்து 'நான் சொன்னது சரிதான்' என்று மனம் முடிவு கட்டுகிறது. சுரங்கத்தில் எனக்கு நடந்தது இதுதான். புகைக்குப் பயந்து வேகவேகமாக மூச்சு வாங்கினேன். அப்படி வாங்கினால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும். அதனால் விரலும் உதடும் விறைக்கும், தலை சுற்றும், காற்றுப் போதவில்லை என்றே தோன்றும். எனக்குக் காற்று குறையவில்லை, அளவுக்கு மேல் போயிருந்தது. இதை யாராவது முதல் வாரமே காகிதத்தில் படம் போட்டுச் சொல்லியிருந்தால் கண்டிக்கு வான் பிடித்திருக்க மாட்டோம்.

இந்தச் சிகிச்சையை நானாகவே செய்யத் தொடங்கியது ஒரு சீ.ஆர். கொப்பியில், தடித்த அட்டை போட்ட கணக்குக் கொப்பியில். பக்கத்தை நான்காகக் கோடு போட்டேன்: எங்கே, என்ன நினைத்தேன், உடம்பில் என்ன, அப்போது என்ன செய்தேன். முதல் சில வாரங்கள் எதையும் மாற்ற முயலாதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள். எண்ணம் என்ற கட்டத்தில் ஆரம்பத்தில் எல்லா நாளும் 'பயமாக இருந்தது' என்றே எழுதினேன். அது உணர்ச்சி, எண்ணம் அல்ல. 'என்ன நடந்துவிடும் என்று பயம்?' என்று திரும்பக் கேட்டால்தான் எண்ணம் வெளியே வரும். எனக்கு அது ஒன்றன் அடியில் ஒன்றாக வந்தது. மூச்சு நின்று விழுவேன். விழுந்தால் சுற்றி நிற்பவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும், என்ன செய்கிறது என்று சொல்லவே முடியாது. வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். தங்கையின் படிப்பு நிற்கும். ஒரு படபடப்புக்குள் ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. எண்ணம் ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்புகிறேன் என்று 0 முதல் 100 வரை எண் போடுவதும் முக்கியம். பின்னால் அந்த எண்தான் குறையும். பயம் அதற்குப் பிறகுதான் குறையும்.

எங்கே உட்கார்ந்து எழுதுவது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. 'அமைதியான தனியறையில் அமருங்கள்' என்று எழுதியிருக்கும். ஒரு காம்பிராவிலும் (அறையிலும்) ஓர் இஸ்தோப்பிலும் (முன் திண்ணையிலும்) ஆறு பேர் இருக்கிற வீட்டில் தனியறைக்கு எங்கே போவது? நான் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன், கொப்பியின் முன்பக்கங்களில் கணக்கு, பின்பக்கங்களில் இது. நமக்கு மட்டும் விளங்குகிற குறியீடுகள் போதும். வீட்டில் பேசுகிற தமிழில் எழுதுங்கள். 'தலை கிறுகிறுக்கிறது, செத்தேன்' என்று மனம் சொன்னால் அதையே எழுத வேண்டும், அழகாக்கினால் அந்த எண்ணம் தப்பித்துவிடும்.

அடுத்த கட்டம் எண்ணத்தை விசாரிப்பது. இதைத்தான் பலர் நல்லதை நினைப்பது என்று தவறாகச் சொல்கிறார்கள். 'எல்லாம் நன்றாக நடக்கும்' என்று கொப்பியில் எழுதிப் பார்த்தேன், நம்பிக்கை எண் 10கூட வரவில்லை. நம்ப முடிகிற வாக்கியமாக இருக்க வேண்டும், அதற்குச் சான்று வேண்டும். 'மயங்கி விழுவேன்' என்பதற்குச் சான்று தேடினேன். ஒருமுறையும் விழுந்ததில்லை. மயக்கம் பெரும்பாலும் இரத்த அழுத்தம் விழுவதால் வருகிறது, பீதியில் அது பெரும்பாலும் ஏறுகிறது. கடைசியில் நான் எழுதியது: 'மிகவும் மோசமாக இருக்கும், சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கும், நான் நின்றுகொண்டுதான் இருப்பேன்.' அதில் தைரியம் எதுவும் இல்லை. ஆனால் அதை 60 அளவுக்கு நம்ப முடிந்தது.

எல்லா எண்ணத்தையும் இப்படி விசாரிக்கக் கூடாது என்பதை நானேதான் கற்க வேண்டியிருந்தது. ஐப்பசி மழையில் இரவு விழித்திருந்து, பின்னால் இருக்கும் மண் மேடு சரியுமோ என்று பயந்தேன். அதையும் கொப்பியில் எழுதி 'மிகைப்படுத்தல்' என்று பெயர் போடப் போனேன், கை ஓடவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் மறக்கவில்லை. அந்தப் பயம் திரிபு அல்ல, தகவல். உண்மையான சிக்கலுக்கு எண்ணத்தை மாற்றுவது வைத்தியம் அல்ல, ஏற்பாடு செய்வதுதான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக் கதவருகே தொங்கவிட்டோம், எந்த நிறத்துக்கு யார் வீட்டுக்குப் போவது என்று பேசி முடித்தோம். அடகில் இருக்கும் நகையும் அதே வகைதான். தவணைத் திகதியை எழுதி, யாரிடம் பேசுவது என்று தீர்மானிக்க வேண்டிய விடயம் அது. ஏற்பாடு செய்தபின்னும் மிஞ்சுகிற கவலைக்கு மாலையில் அரை மணித்தியாலம் ஒதுக்கினேன். தோமஸ் போர்கோவெக் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1983இல் எழுதிய முறை அது. பகலில் கவலை வந்தால் ஒரு சொல்லில் குறித்துவிட்டு, 'ஆறு மணிக்குப் பார்ப்போம்' என்று தள்ளிவைப்பது. ஆறு மணிக்குப் பார்த்தால் பாதிக்கு மேல் சப்பென்று இருக்கும்.

ஆனால் கொப்பியில் எழுதியதால் மட்டும் நான் ரயிலில் ஏறிவிடவில்லை. இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எழுதுவது இதமாக இருக்கும், போவது கசக்கும். முதலில் என் முட்டுக்கொடுப்புகளைப் பட்டியல் போட்டேன்: தண்ணீர்ப் போத்தல், இஞ்சி மிட்டாய், கதவோர இருக்கை, கையில் தயாராக அக்காவின் இலக்கம், நாடியைத் தொட்டுப் பார்ப்பது. இவை இருக்கும்வரை 'இவற்றால்தான் பிழைத்தேன்' என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றாகக் கைவிட வேண்டும். ஆழமாக மூச்சு விடும் பயிற்சியும் இப்படி ஒரு முட்டாக மாறலாம். வீட்டில் இளைப்பாற அது நல்லது. சுரங்கத்துக்குள் சாகாமல் இருப்பதற்கு அது தேவையில்லை.

உடம்பின் அறிகுறிகளோடு பழகுவதற்கு நின்ற இடத்தில் சுற்றினேன், குளிர்பானக் குழாயால் மூச்சு விட்டேன், லயத்துப் படிகளில் ஓடி ஏறினேன். கிழவிகள் வேடிக்கை பார்த்தார்கள், உடம்பு குறைக்கிறேன் என்றேன். இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டொக்டரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது. பிறகு, நான் தவிர்த்தவற்றைப் பயத்தின் அளவுப்படி படிகளாக அடுக்கினேன். மிகக் குறைந்த பயத்திலிருந்து தொடங்கினேன்: ஹட்டன் நிலையத்தில் ரயில் வந்து போவதைப் பார்த்து நிற்பது, கூட்டமில்லாத நேரத்தில் அக்காவோடு கொட்டகலை வரை போவது, அதையே தனியாக, பிறகு தலவாக்கலை வரை, பிறகு மாலைக் கூட்டத்தில் நின்றபடி. ஹட்டனில் ஏறிக் கொட்டகலையில் இறங்குவது ஒரே ஒரு நிலையம்தான், சுரங்கம் அதற்குள் வந்துவிடும், மூன்றாம் வகுப்பு டிக்கெட் மலிவு, திரும்பி வர பஸ் இருக்கிறது. இவ்வளவு வசதியான பயிற்சிக் களம் செயலி செய்தவர்களுக்குக் கிடைத்திருக்காது. ஏறும் முன் டிக்கெட்டின் பின்னால் என்ன நடக்கும் என்று எழுதினேன்: 'கத்துவேன், 80.' இறங்கியதும் நடந்ததை எழுதினேன்: 'கத்தவில்லை. கை நடுங்கியது. பக்கத்து ஆச்சி வடை கொடுத்தார்.' பயம் போனதா என்று பார்க்காதீர்கள். எழுதியது நடந்ததா என்று பாருங்கள். ஒரே படியைப் பலமுறை செய்தபிறகுதான் அடுத்ததற்குப் போனேன். நடுவில் ஒரு மாதம், தங்கைக்குக் காய்ச்சல் கண்டு தூக்கமும் கெட்டிருந்தபோது, எல்லாம் பழையபடி ஆனது. இரண்டு படி கீழிறங்கி மறுபடி ஏறினேன், இரண்டாம் தடவை வேகமாக நடந்தது. காலையில் வெறும் வயிற்றில் கடுஞ்சாயம் இரண்டு கோப்பை குடிக்கும் பழக்கத்தைக் குறைத்ததும் உதவியது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது சுரங்கத்தைவிடக் கஷ்டம்.

வீட்டாருக்கும் சொல்லித்தர வேண்டியிருந்தது. 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தால் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருப்பேன். 'இது அந்தப் படபடப்புத்தான் என்று நினைக்கிறேன், நீ என்ன செய்யப் போகிறாய்?' என்று ஒரே தடவை கேட்கும்படி சொன்னேன். அம்மாவுக்கு அது கல்நெஞ்சமாகத் தோன்றியது, பல நாள் மனவருத்தம்.

அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ஒருநாள் கிளினிக்குக்கும் போனேன். டொக்டர் சிங்களத்தில் பேசினார், தாதி ஒருவர் மொழிபெயர்த்தார், பத்து நிமிடம்தான். கொப்பியைக் காட்டியதால் அந்தப் பத்து நிமிடம் வீணாகவில்லை, மொழி தெரியாவிட்டாலும் எண்கள் ஏறி இறங்குவது அவருக்குப் புரிந்தது. பதகளிப்பை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும், மொத்தம் 21 புள்ளிகள். மாதம் ஒருமுறை அதை நிரப்பிக் கொண்டு போனாலே போதும். மாத்திரை தந்தால் இந்தப் பயிற்சிக்கு அது எதிரி அல்ல, இரண்டும் சேர்ந்து போகலாம். தானாக நிறுத்துவது மட்டும் கூடாது.

தனியாகச் செய்யவே கூடாத நிலைமைகளும் இருக்கின்றன. வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினால், படுக்கையை விட்டு எழ முடியாமல் நாட்கள் போனால், இல்லாத குரல் கேட்டால், பயத்துக்குச் சாராயம் துணையாகிவிட்டால், கொப்பியை மூடிவைத்துவிட்டு ஆளிடம் போங்கள். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் அழைக்கலாம், பணம் இல்லை. தமிழில் பேச வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வீட்டில் பூச்சிநாசினி இருந்தால் அதை வேறு யாராவது பொறுப்பெடுத்து வெளியே வைக்கட்டும்.

இப்போது மாலை ரயிலில்தான் வருகிறேன். சுரங்கத்தில் சில நாள் இன்னும் உதடு விறைக்கிறது, விறைத்தபடியே கொட்டகலை வந்துவிடுகிறது. என் படிகளில் மிஞ்சியிருப்பது கண்ணாடி மூடிய குளிரூட்டிய பஸ்ஸில் கொழும்பு வரை போவது. அதற்கு எதிரில் 85 என்று எண் போட்டிருக்கிறேன். முதலில் கினிகத்தேனை வரை போய் இறங்குவதாகத் திட்டம், அடுத்த சம்பளத்துக்குப் பிறகு.